எம்.எஸ். இருக்கு, நடந்தா கால் இழுக்குது, கண் மங்குது... நடக்கறதை விட்டுடணுமா?

செவ்வந்தி34
மார்ச் 9, இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் செஞ்சிட்டு இருந்தேன், இப்பதான் முதல் தடவை எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வயசு 34, சென்னை, பெரம்பூர் பக்கம். மூணு வருஷம் முன்னாடி வலது கண்ணுல கலர் போச்சு. கண்ணு தெரியுது, ஆனா சிவப்பு மட்டும் வெளுத்துப்போன மாதிரி. குங்குமச் சிமிழைத் திறந்து ஒவ்வொரு கண்ணா மூடிப் பாத்தா இடது கண்ணுக்கு குங்குமம், வலது கண்ணுக்கு செங்கல் பொடி. கண்ணை அசைச்சா பின்னாடி வலி வேற. எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகுத் தண்டுல தண்ணி எடுத்து, கடைசில எம்.எஸ்.னு சொன்னாங்க, அதாவது மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ், மூளை முதுகுத் தண்டு நரம்போட உறை அங்கங்க கெட்டுப்போற நோய். எனக்கு விட்டு விட்டு வர்ற வகை. அஞ்சு நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏத்தினாங்க, கலர் முக்கால்வாசி திரும்பிடுச்சு. இப்ப மாத்திரை போயிட்டிருக்கு, ஒன்றரை வருஷமா புதுசா எதுவும் வரல.

விஷயம் என்னன்னா நான் தினம் சாயந்தரம் ஆபீஸ் விட்டு வந்து 6 மணிக்கு பார்க்குல நடப்பேன். முதல் ரவுண்டு நல்லாதான் போகும். ரெண்டாவது ரவுண்டு பாதிக்கு மேல இடது கால் விரல் தரையில உரச ஆரம்பிக்கும், நான் தூக்கறேன்னு நினைச்சுத்தான் தூக்கறேன் ஆனா அது தூக்க மாட்டேங்குது. இடது செருப்போட முனை கட்டைவிரல் கிட்ட மட்டும் தேஞ்சு சாய்வா போயிருக்கு, வலது செருப்பு புதுசு மாதிரியே இருக்கு, வாங்கி நாலு மாசம்கூட ஆகல.

போன வியாழக்கிழமை மூணாவது ரவுண்டுல வலது கண்ணு மங்கிடுச்சு. பட்டர் பேப்பர் வழியா பாக்கற மாதிரி. பெஞ்சுல உக்காந்துட்டேன், கை காலெல்லாம் நடுங்கிடுச்சு, திரும்ப வந்துடுச்சு அட்டாக்னே முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்கு வந்து ஃபேனுக்கு கீழ படுத்து ஜில்லுனு தண்ணி குடிச்சேன், 40 நிமிஷத்துல கண்ணு பழையபடி ஆயிடுச்சு.

மாமியார் பாசத்துலதான் சொல்றாங்க, "நடந்து நடந்துதான் நரம்பைக் கெடுத்துக்கற, பேசாம படு"ன்னு. டாக்டர் "ஆக்டிவா இருங்கம்மா"ன்னு ஒரு வரி சொன்னார், வெளிய அத்தனை பேர் காத்திட்டிருக்கும்போது அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வரல. ஒரு மாசம் ஜிம்முக்குப் போனேன், அங்க இருந்த டிரெயினர் "நடுங்குதுன்னு விடாதீங்க, தாண்டிப் போங்க"ன்னார். யார் சொல்றதைக் கேக்கறது? நான் நடக்க நடக்க நரம்பு இன்னும் கெட்டுப்போகுதா? அதை மட்டும் யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ரெண்டாம்_இன்னிங்ஸ்
மார்ச் 9, இரவு 11.58

அம்மிணி, பயப்படாதீங்க. கோயமுத்தூர்ல இருந்து எழுதறேன், வயசு 52, எனக்கு எம்.எஸ். வந்து 19 வருஷம் ஆச்சுங்க. உங்க கேள்விக்கு பதில் ஒரே வார்த்தை, இல்லை. நடக்கறதால நரம்பு கெடாது. நீங்க பாத்தது சூடு செய்யற வேலை.

இதுக்குப் பேரே இருக்குங்க, ஊத்தாஃப். 1890ல ஜெர்மனியில வில்ஹெல்ம் ஊத்தாஃப்னு ஒரு கண் டாக்டர் எழுதி வெச்சது. எம்.எஸ். இருக்கற சிலருக்கு நடந்து முடிச்ச உடனே பார்வை மங்குது, கொஞ்சம் ஓய்வெடுத்தா திரும்ப வருதுன்னு கவனிச்சார். நடந்ததாலதான் மங்குதுன்னு அவர் நினைச்சார், அப்புறம்தான் உடம்பு சூடு ஏறுறதுதான் காரணம்னு தெரிஞ்சுது. எம்.ஆர்.ஐ. வர்றதுக்கு முன்னாடி ஆளை சுடுதண்ணித் தொட்டியில உக்கார வெச்சு அறிகுறி வெளிய வருதான்னு பாத்தே எம்.எஸ்.ஸைக் கண்டுபிடிச்ச காலம் ஒண்ணு இருந்துச்சுங்க.

நரம்பு மேல மயலின்னு ஒரு உறை இருக்கு, கரண்டு வயர் மேல பிளாஸ்டிக் மாதிரி. நமக்கு அது அங்கங்க உரிஞ்சு கெடக்குது. உரிஞ்ச எடத்துல சேதி எப்படியோ தட்டுத்தடுமாறிப் போயிட்டு இருக்கும், உடம்பு அரை டிகிரி ஏறுனாலே அந்த எடத்துல சேதி நின்னு போயிரும். சூடு இறங்குனா மறுபடியும் போகும். வயர் புதுசா உரியல, இருக்கற உரிசலே வெளிய தெரியுது, அவ்ளோதான். உங்களுக்கு பழைய அடி வலது கண்ணுல, மங்குனதும் வலது கண்ணு. இடது கண்ணு மங்கலையே? அதைக் கவனிச்சீங்களா?

எனக்கு வந்தப்ப எங்க குடும்ப டாக்டர் "அலையாதே, ஓய்வெடு"ன்னுதான் சொன்னார். அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், உலகம் பூரா பல காலம் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தாங்க. 1996ல அமெரிக்காவுல யூட்டாவுல ஒரு ஆய்வு செஞ்சாங்க, எம்.எஸ். இருக்கறவங்களை வாரம் மூணு நாள், ஒரு நாளைக்கு 40 நிமிஷம், 15 வாரம் கையும் காலும் சேர்த்து மிதிக்கற சைக்கிள் மிதிக்க விட்டாங்க. யாருக்கும் நோய் ஏறல, தெம்பு கூடுச்சு. அதுக்கப்புறம்தான் பேச்சே மாறுச்சு. அது எனக்குத் தெரியாம நான் ரெண்டரை வருஷம் சும்மா படுத்துட்டேன்ங்க. அந்த ரெண்டரை வருஷத்துல என் கெண்டைக்கால் சதை வத்துனதுல எம்.எஸ். பங்கு எவ்வளவு, படுக்கை பங்கு எவ்வளவுன்னு இன்னைக்கும் நெனச்சுப் பாப்பேன். அதனாலதான் ராத்திரி பன்னெண்டு மணிக்கு உக்காந்து இதை டைப் பண்றேன். தயவுசெஞ்சு நிறுத்திராதீங்க.


செவ்வந்தி34
மார்ச் 10, காலை 6.15

அண்ணா ரொம்ப நன்றி. படிச்சிட்டு அழுதுட்டேன். ஆமா, வலது கண்ணு மட்டும்தான் மங்குச்சு, இடது நல்லாதான் இருந்துது. அப்போ இது அட்டாக் இல்லைன்னு எப்படி உறுதியா தெரிஞ்சுக்கறது? அடுத்த தடவை நிஜமாவே வந்தா "சூடுதான்"னு நினைச்சு வீட்டுலயே இருந்துட்டா?


பிசியோ_மதுரை
மார்ச் 10, காலை 9.30

அக்கா, சரியான கேள்வி. நான் பிசியோதெரபிஸ்ட், பக்கவாதமும் எம்.எஸ்.ஸும்தான் அதிகம் பாக்குறேன். நேர்ல பாக்காம உங்களுக்குன்னு முடிவா சொல்ல முடியாது, பொதுவா சொல்றேன்.

டாக்டருங்க வெச்சிருக்கற அளவு 24 மணி நேரம். புது அறிகுறியோ, பழசே மோசமானதோ, காய்ச்சல் கிருமித்தொற்று எதுவும் இல்லாம 24 மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து நின்னா அது ரிலாப்ஸா, அதாவது நோய் திரும்ப தாக்கறதா இருக்கலாம், உடனே உங்க நரம்பு டாக்டருக்கு போன் பண்ணணும். ஃபேனுக்கு கீழ உக்காந்து ஒரு மணி நேரத்துல போயிடுச்சுன்னா அது சூடு. நடுவுல இன்னொண்ணு இருக்கு, இதுலதான் நெறைய பேர் ஏமாந்துடறாங்க. ஒண்ணுக்கு போற எடத்துல கிருமி வந்தா வெளிய காய்ச்சல் தெரியாமக்கூட உள்ள இருந்துக்கிட்டு காலை இழுக்க வெச்சிரும். ரெண்டு நாளா கால் சரியில்லைன்னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறதே "ஒண்ணுக்கு எரியுதா, நாத்தம் அடிக்குதா?"ன்னுதான். ஒரு யூரின் டெஸ்ட் பண்ணி அதுக்கு மருந்து குடுத்தாலே பலருக்கு கால் பழையபடி ஆயிரும்.

அடுத்து நேரம். சாயந்தரம் 6 மணின்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் சிக்கல். மனுசன் உடம்புச் சூடு விடியக்காலம்தான் ரொம்ப கம்மியா இருக்கும், சாயந்தரம்தான் உச்சத்துல இருக்கும். அதோட பகல் முழுக்க வெயில் குடிச்ச தரை சாயந்தரம் அந்தச் சூட்டை வெளிய விடும், ஆபீஸ் அசதியும் சேரும். மூணும் ஒண்ணா சேர்ற நேரத்துல நடக்கறீங்க. அதே நடையை காலை 5 மணிக்கு நடந்து பாருங்க.

மூணு ரவுண்டை ஒரே மூச்சுல நடக்கவும் வேண்டாம். 3 நிமிஷம் நட, 2 நிமிஷம் உக்காரு, திரும்ப 3 நிமிஷம். மொத்த தூரம் அதேதான், ஆனா கால் விழறது தள்ளிப்போகும். விரல் உரசுற *முதல்* சத்தம் கேக்குதுல்ல, அதுதான் உக்கார வேண்டிய நேரம், பத்தாவது சத்தம் வரைக்கும் போகக்கூடாது. உரசுற காலோட பத்து நிமிஷம் நடந்தா உடம்பு இடுப்பைத் தூக்கி காலைச் சுத்தி வீசப் பழகிக்கும், அந்தப் பழக்கத்தை அப்புறம் மாத்தறது பெரிய வேலை. தடுக்கி விழுந்தா அதைவிடப் பெரிய வேலை.

"தாண்டிப் போ"ன்னு சொன்ன டிரெயினருக்கு எம்.எஸ். தெரியாது. சதை அசதியும் நரம்பு அசதியும் ஒண்ணு இல்ல. சதை அசதியைக் கொஞ்சம் தாண்டலாம். நரம்புல சேதி நின்னதுக்கப்புறம் மனசு வெச்சுத் தாண்டறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.


சேலத்து_அப்பா
மார்ச் 10, மதியம் 2.05

எல்லாரும் நடங்க நடங்கன்னு சொல்றீங்க, நான் வேற பக்கம் பாத்தவன், அதையும் கேளுங்க. என் பையனுக்கு 24 வயசு, ரெண்டு வருஷமா எம்.எஸ். ஒரு யோகா வகுப்புல சேத்தோம், கதவு ஜன்னல் எல்லாம் மூடி வேர்க்க வேர்க்க செய்யணும்னு சொல்ற இடம். சூரிய நமஸ்காரம் வரிசையா போட வெச்சிருக்காங்க, இவனுக்கு எம்.எஸ்.னு நான் முன்னாடியே சொல்லியிருந்தேன். பன்னெண்டாவதுல கால் மடங்கி விழுந்து முன் பல்லு ஒண்ணு உடைஞ்சுது. இன்னைக்கு வரைக்கும் அவன் பாயை எடுத்து விரிக்க மாட்டேங்கறான். மூணு மணிக்கு மேல அவனால எழுந்திரிக்கவே முடியாத நாள் இருக்கு, சோம்பேறின்னு நானே முதல்ல திட்டியிருக்கேன், அதை நெனச்சா இப்பவும் தொண்டை அடைக்குது. அந்த அசதி என்னன்னு பக்கத்துல இருந்து பாக்கறவனுக்குத் தெரியும். எல்லாரையும் ஒரே தராசுல வெச்சு எடை போடாதீங்க. ஓய்வும் வேணும்.


ரெண்டாம்_இன்னிங்ஸ்
மார்ச் 10, மாலை 4.40

ஐயா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஓய்வு வேண்டாம்னு நான் சொல்ல வரல. எம்.எஸ். அசதி சாதாரண அசதி இல்லைங்க, ராத்திரி எட்டு மணி நேரம் நல்லா தூங்கி எழுந்தும் ஈர மணல் மூட்டை கட்டுன மாதிரி இருக்கும், அது வராத எம்.எஸ். ஆளுங்க கொஞ்சம் பேருதான். நான் சொல்றது படுத்துட்டா அந்த அசதி குறையும்ங்கற நம்பிக்கையைப் பத்தி. எனக்குக் குறையலைங்க. கூடுச்சு.

பையனுக்கு ஆன வேதனை, யோகாவோட குத்தம்னு நான் நெனைக்கல, அந்த மூடுன ஜன்னலோட குத்தம். அதே ஆசனத்தை காத்தோட்டமா, செவுத்தைப் புடிச்சுக்கிட்டு, நாற்காலியில உக்காந்துக்கிட்டு செய்யலாம். என்னால நின்னுக்கிட்டு விருக்ஷாசனம் செய்ய முடியாது, சமையல் மேடையை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நிப்பேன், பால் பொங்கறதுக்குள்ள ரெண்டு காலுக்கும் நாலு நாலு தடவை ஆயிரும்.


மூலிகை_நேசன்
மார்ச் 10, இரவு 8.20

இங்கிலீஷ் மாத்திரையை எல்லாம் நிறுத்திட்டு தைலம் காய்ச்சி சூடா ஒத்தடம் குடுத்தா நரம்பு இறுக்கம் விட்டுடும். எங்க பக்கத்துல நெறைய பேருக்கு குணமாயிருக்கு.


பிசியோ_மதுரை
மார்ச் 10, இரவு 8.51

ஐயா, மரியாதையோட சொல்றேன், மாத்திரையை நிறுத்தச் சொல்லி இங்க எழுதாதீங்க. புது அடி விழாம பாத்துக்கறது அந்த மருந்து, உடற்பயிற்சி அந்த வேலையைச் செய்யாது. ரெண்டும் வேணும். எண்ணெய் தேய்ச்சு இதமா நீவி விடறது தப்பில்ல, நெறைய பேருக்கு சுகமா இருக்கும். ஆனா சூடு ஒத்தடம் வேண்டவே வேண்டாம். கால் மரத்துப்போனவங்களுக்கு சூடு எவ்வளவுன்னே தெரியாது, தோல் வெந்து கொப்பளம் வந்தப்புறம்தான் பாப்பாங்க. நானே ரெண்டு பேரை அப்படிப் பாத்திருக்கேன்.


ஸ்கார்பரோ_அக்கா
மார்ச் 11, காலை 7.12

வணக்கம் தங்கச்சி. நான் கனடாவில, ஸ்கார்பரோவில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். 2009ல எனக்கு எம்.எஸ். எண்டு சொன்னவை. உலகத்திலயே எம்.எஸ். கூடின நாடுகளில கனடாவும் ஒண்டு, அதால இஞ்ச ஆக்களுக்கு இந்த வருத்தத்தைப் பற்றி கொஞ்சம் தெரியும், ஆனா எங்கட சனத்துக்குள்ள நான் கதைக்க ஒருத்தரும் இருக்கேல்ல. உங்கட எழுத்தைப் பாத்த உடன எழுதோணும் போல கிடந்தது.

எனக்கு உதவினது தண்ணி. நீச்சல் எனக்குத் தெரியாது, நெஞ்சளவு தண்ணிக்குள்ள நடக்கிறது மட்டும்தான். தண்ணி உடம்பின்ர பாரத்தைத் தாங்கும், விழுந்தாலும் அடிபடாது, செய்யச் செய்ய ஏறுற சூட்டையும் இழுத்தெடுக்கும். ஆனா தண்ணி எந்தளவு சூடு எண்டு கேக்காமல் இறங்காதேங்கோ. முதல்முறை என்னை மூட்டு வருத்தக்காரருக்கான சூட்டுத் தண்ணிக் குளத்துக்குள்ள விட்டிட்டினம். இறங்கேக்க நல்ல சுகமாத்தான் இருந்தது, இருவது நிமிசத்தால ஏறப் போனா ரெண்டு காலும் எனக்குச் சொந்தமில்ல. ரெண்டு பேர் தூக்கித்தான் எடுத்தவை. எங்களுக்கு 27 தொடக்கம் 29 டிகிரி வரைக்கும்தான் சரி, அதுக்கு மேல போனா கவனம்.

இஞ்ச குளிர் இன்னொரு கரைச்சல். பனிக்காலத்தில கால் மரக்கட்டை மாதிரி விறைச்சுப் போகும். அதால காலமை எழும்பின உடன கட்டில்லயே கிடந்து துவாயைப் பாதத்தில கொழுவி இழுத்து, கெண்டைக்கால் சதையை அரை நிமிசம் நீட்டிப் பிடிச்சு விடுவன், ஒரு காலுக்கு நாலு தரம். அது செய்யாமல் கால் நிலத்தில வைக்கிறேல்ல. நீங்களும் விடியப்புறம் நடக்கப் போறியள் எண்டா இதை முதல்ல செய்யுங்கோ, விடிய எழும்பேக்க விறைப்பு கூட இருக்கும்.

இன்னொண்டு. நடக்கிறதுக்கு முதல் ஐஸை நல்லாத் தூளாக்கி, கொஞ்சம் தேசிக்காய்த் தண்ணி விட்டு, கரண்டியால எடுத்துச் சாப்பிடுறனான். உடம்புக்குள்ளால குளிரும். வெளியில கட்டுற குளிர் வெஸ்ட்டும் இருக்கு, விலை கூட.


செவ்வந்தி34
மார்ச் 11, இரவு 9.48

அக்கா, எங்கேயோ இருந்துக்கிட்டு எனக்காக இவ்வளவு எழுதியிருக்கீங்க, எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

இன்னொரு விஷயம், கேக்கவே கூச்சமா இருக்கு. நடக்கப் போறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே தண்ணி குடிக்கறதை நிறுத்திடறேன். பார்க்குல பாத்ரூம் பூட்டியே இருக்கு, எனக்கு வந்துடுச்சுன்னா ஒரு நிமிஷம் கூட அடக்க முடியாது. வேற யாருக்காவது இப்படி இருக்கா?


திருச்சி_சக்கரம்
மார்ச் 11, இரவு 10.30

கூச்சமே வேண்டாம்மா, இங்க பாதிப் பேருக்கு அது இருக்கும், யாரும் எழுதறதில்ல அவ்ளோதான். எனக்கு 47 வயசு, பொம்பளைதான், நானும் வருஷக்கணக்கா தண்ணி குடிக்காம வெளிய போயிருக்கேன். அது ரெண்டு பக்கமும் அடிக்கும். தண்ணி இல்லாட்டி வேர்வை குறைஞ்சு உடம்பு சீக்கிரம் சூடாகும், சிறுநீர் கெட்டியாகி பையை இன்னும் உறுத்தி அவசரத்தைக் கூட்டும், கிருமியும் சீக்கிரம் புடிக்கும். மொத்தத் தண்ணியைக் குறைக்காதீங்க, நேரத்தை மட்டும் மாத்துங்க. காலைல எழுந்து குடிச்சு, அரை மணி நேரம் கழிச்சு ஒரு தடவை போயிட்டு வந்துட்டு அப்புறம் வாசல் தாண்டுங்க. நடக்கும்போது வாயை நனைக்க அளவா குடிங்க. பேடு வெச்சுக்கிட்டு போறதுல எந்த அவமானமும் இல்ல. டாக்டர்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, இதுக்கு மாத்திரை இருக்கு, இடுப்புத் தள சதைக்கு தனிப் பயிற்சியும் இருக்கு.

இந்த இழையில எல்லாரும் நடையைப் பத்தியே பேசறீங்க, அதனால நானும் என்னைப் பத்தி சொல்லணும். எனக்கு இப்ப ரெண்டாம் கட்டம், மெதுவா ஏறிக்கிட்டே போற வகை. நாலு வருஷமா சக்கர நாற்காலி. நடக்க முடியலைன்னா உடற்பயிற்சி முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சு நானும் ஒரு வருஷம் சும்மா இருந்தேன், முதுகு கூனிப்போச்சு, மூச்சு குறைஞ்சுது, மலம் போறது ஒரு போராட்டமாச்சு, கால் இழுப்பு ராத்திரி தூங்க விடல. அப்புறம் ஒரு அம்மா வீட்டுக்கே வந்து கத்துக்குடுத்தாங்க. இப்ப அரை லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு, ஒவ்வொரு கையிலயும் ஒண்ணு, தலைக்கு மேல பத்து தடவை. ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில கட்டி நெஞ்சு பக்கம் இழுக்கறது. என் வீட்டுக்காரர் ரெண்டு காலையும் ஒவ்வொரு மூட்டா மடக்கி நீட்டி விடுவார், காலைலயும் ராத்திரியும். நிக்கற சட்டம் ஒண்ணு ஆசாரிகிட்ட மரத்துல செஞ்சு வாங்கினோம், பிசியோ பக்கத்துல நின்னு அளவு சொன்னாங்க. முழங்காலுக்கும் இடுப்புக்கும் பெல்ட்டு போட்டுக்கிட்டு தினம் 20 நிமிஷம் நிக்கறேன். முதல் நாள் நின்னப்ப ஜன்னலுக்கு வெளிய பக்கத்து வீட்டு முருங்கை மரம் தெரிஞ்சுது. நாலு வருஷமா உக்காந்த உயரத்துல அது தெரியவே இல்ல.

ஊனமுற்றோர் அடையாளக் கார்டு வாங்காதவங்க வாங்கிடுங்க. 2016 ஊனமுற்றோர் சட்டத்துல இருக்கற 21 வகையில எம்.எஸ்.ஸும் ஒண்ணு, நெறைய பேருக்குத் தெரியல.


சேலத்து_அப்பா
மார்ச் 12, காலை 8.03

அம்மா, உங்க பதிவை என் பையனுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல, போனை வாங்கி அவனே திரும்ப ஒரு தடவை படிச்சான்.

பிசியோ தம்பி, ஒரு கேள்வி. இவனுக்கு எதுல இருந்து ஆரம்பிக்கலாம்? அவன் ராத்திரி எம்.எஸ்.ஸுக்கான இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கறான்.


பிசியோ_மதுரை
மார்ச் 12, காலை 10.17

ஐயா, ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்தா அன்னைக்கு பயிற்சி வேண்டாம், அதையே ஓய்வு நாளா வெச்சுக்கங்க. மத்த நாள்ல செய்யட்டும்.

சூடு ஒத்துக்காதவங்களுக்கு நான் முதல்ல குடுக்கறது சதைப் பயிற்சிதான். தொடர்ந்து நடக்கறது ஓடறது மாதிரி அது உடம்பு சூட்டை அவ்வளவா ஏத்தாது, நடுவுல ஓய்வும் தானா வந்துடும். நாற்காலியில இருந்து கையை ஊனாம எழுந்து உக்கார்றது, எட்டு தடவை, ரெண்டு நிமிஷம் ஃபேன் காத்து, திரும்ப எட்டு தடவை. கீழ உக்காரும்போது தொப்புனு விழக்கூடாது, மூணு எண்ணி மெதுவா இறங்கணும், பலன் அதுலதான் இருக்கு. அப்புறம் குதிகாலை ஊனி முன்பாதத்தை மேல தூக்கறது, செவ்வந்தி அக்காவுக்கும் இது வேணும். நாற்காலியை செவுத்துல முட்டி வைங்க, நழுவக்கூடாது.

அளவு வேணும்னு சில பேர் கேப்பாங்க. 2013ல கனடாவுல போட்ட வழிகாட்டி, லேசான இல்லாட்டி நடுத்தரப் பாதிப்பு இருக்கறவங்களுக்கு, வாரம் ரெண்டு நாள் 30 நிமிஷம் மூச்சு கொஞ்சம் வாங்கற மாதிரி பயிற்சி, ரெண்டு நாள் சதைப் பயிற்சின்னு சொல்லுது. அவ்வளவுதான். தினம் ஒரு மணி நேரம்னு யாரும் சொல்லல. அதுவும் போய்ச் சேர வேண்டிய இடம், முதல் வாரத்துக்கு இல்ல. நாடித்துடிப்பு பாக்கற வாட்சை மட்டும் நம்பாதீங்க, நம்மாளுங்க சிலருக்கு நரம்பு கோளாறால துடிப்பு சரியா ஏறாது. பேச்சு வரணும், பாட்டு வரக்கூடாது, அந்த அளவுல இருந்தா போதும்.

இன்னொண்ணு, ரிலாப்ஸ் பயம். 2014ல பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பாத்தப்ப உடற்பயிற்சி செஞ்சவங்களுக்கு ரிலாப்ஸ் கூடலைன்னுதான் வந்துச்சு. பையன்கிட்ட இதைச் சொல்லுங்க. ரிலாப்ஸ் நடந்துக்கிட்டு இருக்கும்போது மட்டும் நிறுத்திட்டு, ஸ்டீராய்டு முடிஞ்சப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுட்டு அடியில இருந்து திரும்ப ஆரம்பிக்கணும்.

செவ்வந்தி அக்கா, அந்தச் செருப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அடுத்த தடவை டாக்டரைப் பாக்கப் போகும்போது பையில போட்டுக் கொண்டு போய் மேசை மேல வைங்க. நாலு வரி பேச வாய் வரலைன்னாலும் அது பேசும். கணுக்காலுக்கு ஏ.எஃப்.ஓ.ன்னு ஒரு லேசான பிளாஸ்டிக் பட்டை இருக்கு, ஷூவுக்குள்ள போடறது, தேவைன்னா எழுதிக் குடுப்பாங்க. வெறும் செருப்புல நடக்கறதை இன்னைக்கே நிறுத்துங்க, பின்பக்கம் புடிமானம் உள்ளது போடுங்க.


செவ்வந்தி34
ஏப்ரல் 6, காலை 6.40

எல்லாருக்கும் வணக்கம். நாலு வாரம் ஆச்சு, சொல்லாம இருக்க மனசு வரல.

பார்க்கை விட்டுட்டு மொட்டை மாடிக்கு மாறிட்டேன். பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு, அந்த பயம் ஒண்ணு போச்சு. 4.45க்கு எழுந்து அக்கா சொன்ன மாதிரி துண்டைப் பாதத்துல மாட்டி இழுத்து விட்டுட்டு, ஐஸ் தூள் ரெண்டு கரண்டி சாப்பிட்டுட்டு 5.10க்கு மேல ஏறுவேன். ஈரத்துண்டு கழுத்துல போட்டுப் பாத்தேன், சென்னை புழுக்கத்துல அது காயவே மாட்டேங்குது, பத்து நிமிஷத்துல வெதுவெதுன்னு ஆயிடுது. இப்ப ரெண்டு துண்டை முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசர்ல வெச்சு மாத்தி மாத்திப் போடறேன், அது நல்லா இருக்கு.

3 நிமிஷம் நடை, 2 நிமிஷம் தண்ணித் தொட்டி மேடையில உக்கார்றது. முதல் வாரம் நாலு சுத்து, இப்ப ஏழு சுத்து, அதாவது 21 நிமிஷம் நடை. பழைய மூணு ரவுண்டைவிட இது அதிகம். விரல் உரசல் இன்னும் இருக்கு, ஆறாவது சுத்துலதான் கேக்குது. கண்ணு ஒரே ஒரு நாள் மங்குச்சு, அன்னைக்கு ராத்திரி கரண்டு இல்லாம தூங்கவே இல்ல. உக்காந்தேன், துண்டு மாத்தினேன், கால் மணி நேரத்துல போயிடுச்சு, கை நடுங்கல.

செருப்பை டாக்டர் மேசையில வெச்சேன் தம்பி. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தார். பிசியோவுக்கு எழுதிக் குடுத்தார், ஏ.எஃப்.ஓ.வுக்கு வர்ற புதன்கிழமை அளவு எடுக்கறாங்க. மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவோட சென்னை கிளையைப் பத்தியும் அவர்தான் சொன்னார், இவ்வளவு நாள் எனக்குத் தெரியவே தெரியாது.

மாமியார் இப்ப ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அவங்களே துண்டு ரெண்டையும் நனைச்சுப் புழிஞ்சு மடிச்சு ஃப்ரீசர்ல வெச்சிடறாங்க. நான் கேக்கல.


ரெண்டாம்_இன்னிங்ஸ்
ஏப்ரல் 6, காலை 7.25

மனசு நெறஞ்சுதுங்க அம்மிணி. இனிமே கத்திரி வெயில் வரப்போகுது, மே மாசம் காலைலயே மாடித் தளம் சூடா இருக்கும். அப்ப வீட்டுக்குள்ள கூடத்துலயே நடங்க, இல்லாட்டி நாற்காலிப் பயிற்சிக்கு மாறிக்கங்க. மூணு வாரம் சுத்து குறைஞ்சா குறையட்டும், ஜூன்ல திரும்ப ஏத்திக்கலாம். நான் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் செய்யறேன்.


சேலத்து_அப்பா
ஏப்ரல் 9, இரவு 9.15

நாற்காலி, எட்டு தடவை, ரெண்டு நிமிஷம் ஃபேன், எட்டு தடவை. பத்து நாளா செய்யறான். நானும் எதிர்ல ஒரு நாற்காலி போட்டு அவன்கூட சேந்து எழுந்து உக்கார்றேன், எனக்குத்தான் முழங்கால் வலிக்குது, அவன் எண்ணறான். மூணு எண்ணி மெதுவா இறங்கணும்னு என்னைத் திருத்தறான். யோகா பாயை இன்னும் எடுக்கல.


ஸ்கார்பரோ_அக்கா
ஏப்ரல் 10, காலை 5.50

எடுக்காட்டியும் பரவாயில்ல அண்ணை. பாய் எங்கயும் போகாது. தங்கச்சி, ஏ.எஃப்.ஓ. போட்டு முதல் நாள் நடந்தாப் பிறகு தோல்ல சிவப்பு அடையாளம் இருக்கோ எண்டு கண்ணாடி வச்சு வடிவாப் பாருங்கோ, கால் மரத்திருந்தா கடிக்கிறது தெரியாது. எத்தினை சுத்து வந்தது எண்டு புதன்கிழமை எழுதுங்கோ, பாத்துக்கொண்டிருப்பன்.